ஏறிடுச்சா? அப்ப பயப்படு!

சாப்ட்வேர் சரியில்லைங்கிறே. நம்புறேன் தம்பி. நார்வேக்காரன், ஆஸ்திரேலியாக்காரன் எல்லாம் அந்த மாதிரி சாப்ட்வேர்லதான் சீஸ்மிக் டேட்டாவை ஏத்தி, அதைப் பார்த்துத்தான் கடலுக்குள்ள கிணறு குறிக்கிறான். உன்கிட்ட மட்டும் அது வம்பு பண்ணுது. உன் ராசி அப்படி. லைசென்ஸ் வித்தவனுக்கு மெயில் போட்டாச்சு. ஐ.டி. பையன் வந்து கம்ப்யூட்டரை அணைச்சு அணைச்சுப் போட்டுட்டுப் போயாச்சு. ரேம் பத்தலைன்னு மேனேஜர்கிட்ட மனுவும் கொடுத்தாச்சு. ஃபைலுக்குள்ள என்ன இருக்குன்னு பார்க்கிறது ஒண்ணுதான் பாக்கி. அது எதுக்கு? எம்.டெக். முடிச்ச பிள்ளை செய்யிற வேலையா அது?

உன் பெரியப்பன் என்ன கண்டேன்? காவிரிப் படுகையில சீஸ்மிக் பார்ட்டி வந்த காலத்துல, அறுத்த வயல்ல கேபிள் இழுத்தேன், ஜியோபோன் ஊனினேன், வெடிக்குழி போடத் தண்ணி சுமந்தேன். அப்புறம் ஆபீசுக்குள்ள விட்டாங்க, டேப் ரூம்ல நாடா மாட்டி ரிட்டயர் ஆனேன். நான் இன்டர்பிரட்டேஷன்னு ஒழுங்காச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள நீ ரெண்டு ஹொரைசான் பிடிச்சுடுவே. இருந்தாலும் வயசானவன் வாய் சும்மா இருக்காது. கேட்டா கேளு, கேக்காட்டி நெக்ஸ்ட்டை அமுக்கு.

மொதல்ல ஒண்ணு. எரர் வந்துடுச்சுன்னு அழுதியே, அது உன் அதிர்ஷ்டம். முரண்டு பிடிக்கிற ஃபைல் யோக்கியமான ஃபைல். ஒரு சத்தமும் இல்லாம நூறு சதவீதம் ஓடி, பச்சை டிக் காட்டி, திரையில அழகா வரி வரியாப் படமும் காட்டுது பாரு, கழுத்தை அறுக்கிறது அதுதான். சாப்ட்வேருக்குச் சுயபுத்தி கிடையாது. இந்த எடத்துல இன்லைன் நம்பர் இருக்குன்னு நீ சொன்னா, அது அங்கே போயி நாலு பைட்டை எடுத்துக்கிட்டு வரும். அங்கே இருந்தது உண்மையிலேயே இன்லைன் நம்பரா, எவனோ விட்டுட்டுப் போன குப்பையான்னு அது கேக்காது.

அந்த சீஸ்மிக் டேட்டாவை எழுதி வைக்கிற செக்-வை ஃபார்மட்டுக்கு உன்னைவிட வயசு ஜாஸ்தி. 1975ல எழுதினாங்க, நாடாவுக்காக. மொதல் 3200 பைட் எழுத்து ஹெடர்: நாப்பது வரி, வரிக்கு எண்பது எழுத்து. துளை அட்டைக் காலத்துக் கணக்கு அது. அடுத்த 400 பைட் பைனரி ஹெடர். அதுக்கப்புறம் ஒவ்வொரு ட்ரேசுக்கும் 240 பைட் ஹெடர், பின்னாடியே சாம்பிள். அவ்வளவுதான் மொத்த ரகசியம். 2002ல ஒருதரம் திருத்தினாங்க, 2017ல இன்னொருதரம் திருத்தினாங்க. ஊர்ல இருக்கிறவன் எல்லாம் அந்த விதியைப் படிச்சான், தலையாட்டினான், அப்புறம் அவனவன் இஷ்டத்துக்கு எழுதினான்.

அந்த எழுத்து ஹெடரைத் திறந்து பார்த்தியா? பார்த்தேன், வைரஸ்னு நினைச்சு மூடிட்டேன்னு சொல்லாதே, சிரிப்பு வருது. திரை முழுக்க @@@@@னு வந்துச்சா? அது வைரஸ் இல்லை, வெத்திடம். ஐபிஎம் பெரிய மிஷின் காலத்து எப்சிடிக் எழுத்துமுறையில வெத்திடத்துக்கு என்ன எண்ணோ, அதே எண் ஆஸ்கியில அட் குறிக்கு. நீ எப்சிடிக்கை ஆஸ்கியா வாசிச்சிருக்கே. ஒரு பட்டனை மாத்து, நாப்பது வரியும் சி1, சி2ன்னு பளிச்சுன்னு வரும். அதுல இன்லைன் எத்தனாவது பைட்டுல, ஆயத்தொலைவு எத்தனாவது பைட்டுல, எந்த மண்டலம், எந்த டேட்டம்னு எழுதியிருந்தா, எழுதினவன் வீட்டுப் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போடு.

கும்பிடு மட்டும் போடு, நம்பிடாதே. ஹெடரை எழுதினவனும் மனுசன்தானே. மத்தியானச் சாப்பாட்டு அவசரத்துல, போன வேலையோட ஹெடரை இந்த வேலை தலையில ஒட்டிட்டுப் போயிருப்பான். டேப் ரூம்ல நான் பார்க்காத கூத்தா? மேலே மைக்ரேஷன் முடிஞ்சதுன்னு எழுதியிருக்கும், உள்ளே வெறும் ஸ்டாக் இருக்கும். மேலே ஒரு லைன் பேரு, உள்ளே வேற லைன். ஹெடர் சொல்றதைக் காதுல போட்டுக்கோ, கண்ணால பார்த்தப்புறம் கையெழுத்துப் போடு.

கண்ணால பார்க்க வேண்டியது பைனரி ஹெடரை. பைட் 3217ல சாம்பிள் இடைவெளி, மைக்ரோ செகண்டுல. நாலு மில்லி செகண்டுன்னா அங்கே 4000 இருக்கணும். உனக்கு 40975 காட்டுதா? இல்லேன்னா மைனஸ் 24561ன்னு ஒரு அபசகுனம் காட்டுதா? பூமிக்கு ஒண்ணும் ஆகலை. பைட்டைத் தலைகீழா வாசிக்கிறே. செக்-வைன்னா பெரிய பைட் முன்னாடி வரணும்கிறது விதி. எவனோ தன் கம்ப்யூட்டர் வழக்கப்படி சின்னதை முன்னாடி எழுதிட்டான். 2017 திருத்தம் அதுக்கும் அனுமதி கொடுத்துடுச்சு, ஆனா 3297ஆவது பைட்டுல அடையாளம் வைக்கச் சொன்னுச்சு. அடையாளம் வச்சிருப்பான்னு நினைக்கிறியா? பக்கத்துலயே 3225ல ஃபார்மட் கோடு. 1 இருக்க வேண்டிய எடத்துல 256, 5 இருக்க வேண்டிய எடத்துல 1280 வந்தாலும் வியாதி அதேதான்.

அந்த ஃபார்மட் கோடுகிட்ட கொஞ்சம் நில்லு. உன் மாதிரிப் பிள்ளைங்க வழுக்கி விழுற எடம் இது. 1ன்னா ஐபிஎம் ஃப்ளோட், 5ன்னா ஐ-ட்ரிபிள்-ஈ ஃப்ளோட். ரெண்டும் நாலு பைட்டு. ஐபிஎம் பதினாறின் அடுக்குல கணக்கு வைக்கும், மத்தது ரெண்டின் அடுக்குல. கோடுல ஒண்ணு போட்டுட்டு உள்ளே மத்ததை எழுதின புண்ணியவான்கள் ஏராளம். அப்ப என்ன ஆகும்? எரர் வரும்னு பார்த்துக்கிட்டிருக்காதே. ஐபிஎம்ல எழுதின 1, மத்த முறையில வாசிச்சா 9. எழுதின 2 வந்து 10. எழுதின 4 வந்து 12. எழுதின 8 வந்து 16. பிளஸ் பிளஸ்ஸாவே இருக்கும், மைனஸ் மைனஸ்ஸாவே இருக்கும், பூஜ்யம் பூஜ்யமாவே இருக்கும். அதனால முகடு முகடாவே தெரியும், ஃபால்ட்டும் அங்கேயே இருக்கும், நீயும் சந்தோசமா ஹொரைசான் பிடிப்பே.

ஆனா கணக்கைப் பாரு. நிஜத்துல ஒண்ணைவிட எட்டு மடங்கு பளிச்சுன்னு இருந்த ரிஃப்ளெக்டர், உன் திரையில ரெண்டு மடங்குகூட இல்லை. கேஸ் இருக்குன்னு பூமி கையைக் காட்டிக் கூப்பிட்ட பிரைட் ஸ்பாட்டை நீ ஃபார்மட் கோடுல மழிச்சுட்டு, இங்கே ஆம்ப்ளிட்யூட் ஒண்ணும் விசேஷமில்லைன்னு ரிப்போர்ட் எழுதுவே. மேனேஜரும் கையெழுத்துப் போடுவாரு. கேஸ் அடியிலேயே பத்திரமா இருக்கும். அதுக்கென்ன அவசரம், கோடிக்கணக்கான வருசமா அங்கேதானே இருக்கு. இதுக்கு மருந்து ஒண்ணே ஒண்ணு: ஹிஸ்டோகிராமைப் பாரு. சாதாரணமா பூஜ்யத்துல மொத்தமும் குவிஞ்சு ரெண்டு பக்கமும் வழுக்கிட்டுப் போகும். நடுவுல பள்ளம், அங்கங்கே பல்லு, நம்ப முடியாத பெரிய எண்ணுன்னு தெரிஞ்சா கோடை மாத்தி இன்னொருதரம் வாசிச்சுப் பாரு.

இப்ப நீ இத்தனை நாளா முட்டிக்கிட்டிருந்த இன்லைன், கிராஸ்லைன் விவகாரம். 1975 விதியில இந்த ரெண்டுக்கும் எடமே ஒதுக்கலை. அப்ப 3டின்னு ஒண்ணு பெருசா இல்லையே. ட்ரேஸ் ஹெடர்ல 181லேருந்து 240 வரைக்கும் உங்க விருப்பம்னு விட்டுட்டாங்க. விருப்பம்னு சொன்னா நம்மாளு சும்மா இருப்பானா? ஒருத்தன் 9லயும் 21லயும் எழுதினான், இன்னொருத்தன் 17ல எழுதினான், ஒருத்தன் 181ல எழுதினான். 2002ல வந்துதான் இன்லைனுக்கு 189, கிராஸ்லைனுக்கு 193, ட்ரேஸ் நிக்கிற எடத்தோட எக்சுக்கு 181, வையுக்கு 185ன்னு பஞ்சாயத்துத் தீர்ப்பு சொன்னாங்க. தீர்ப்பு சொன்னா எல்லாரும் கேட்டுக்குவாங்களா?

நீ பழகிக்கிறதுக்கு வச்சிருக்கியே நார்வேக்காரங்க டேட்டா, வோல்வே. வடகடல் வயல் அது. 2008லேருந்து 2016 வரைக்கும் எண்ணெய் எடுத்துட்டு, 2018ல டேட்டா மொத்தத்தையும் உலகத்துக்கே தூக்கிக் கொடுத்தாங்க. தங்கமான மனசு. அந்தக் கட்டுல இருக்கிற ஒரு 3டி ஃபைல்ல இன்லைன் 5ல இருக்கு, கிராஸ்லைன் 21ல இருக்கு, ஆயத்தொலைவு 73லயும் 77லயும் இருக்கு. 5ஆவது பைட்டு விதிப்படி ட்ரேசோட வரிசை எண்ணுக்குச் சொந்தம். 73 வெடி வச்ச எடத்துக்குச் சொந்தம். நீ விதிப்புஸ்தகத்தை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு 189ஐக் கேட்டா, சாப்ட்வேர் அங்கே இருந்ததை எடுத்துக் கொடுக்கும். அது பூஜ்யமா இருந்தா, வயல் பூரா ஒரே புள்ளியில ஒரே ட்ரேசா வந்து குந்தும். அதைப் பார்த்துட்டுத்தானே நீ ரேம் கேட்டே?

இந்த வியாதிக்கு நாடி பார்க்கிறது ஒண்ணும் கஷ்டமில்லை. ட்ரேஸ் ஹெடரைப் பட்டியலாப் போடச் சொல்லு. ஃபைல்ல ஆரம்பத்துல கொஞ்சம், நடுவுல கொஞ்சம், கடைசியில கொஞ்சம். ஒரு நெடுவரிசை ஒவ்வொரு ட்ரேசுக்கும் ஒண்ணொண்ணாக் கூடிக்கிட்டே போயி, ஒரு எடத்துல மறுபடி பழைய எண்ணுக்குக் குதிக்குதா? பெரும்பாலும் அது கிராஸ்லைன். அது குதிக்கிற அதே எடத்துல இன்னொரு நெடுவரிசை மட்டும் ஒரு படி ஏறுதா? அது இன்லைன். எந்த மேனுவலும் வேணாம், கண்ணு இருந்தாப் போதும். இன்லைன் 100, 101ன்னு வர வேண்டியது 25600, 25856ன்னு 256 256ஆத் தாவுதா? ஒரு பைட்டு தள்ளி நின்னு வாசிக்கிறே. புரோகிராம் எழுதுற பசங்க சில பேரு பூஜ்யத்துலேருந்து எண்ணுவானுங்க, அவனுக்கு 188ன்னா உனக்கு 189. எல்லாமே பூஜ்யமா வருதுன்னா, நாலு பைட்டு எண்ணை ரெண்டு பைட்டா வாசிச்சு, முன்னாடி பாதியோட நின்னுட்டே.

சரி, நம்பர் உக்காந்துடுச்சு. வயல் எங்கே போயி உக்காந்துச்சுன்னு மேப்பைப் பார்த்தியா?

71ஆவது பைட்டுல ரெண்டு பைட்டுக்கு ஸ்கேலர்னு ஒண்ணு இருக்கு. ஆயத்தொலைவை முழு எண்ணாத்தான் எழுத முடியும்கிறதால, சென்டிமீட்டர் வரைக்கும் வேணும்கிறவன் நூறால பெருக்கி எழுதிட்டு, இங்கே மைனஸ் 100ன்னு போடுவான். மைனஸ்னா வகுக்கணும், பிளஸ்னா பெருக்கணும். நம்ம ஊர்ப் பட்டாவுல ஹெக்டேர், ஏர்னு இருக்கும். உன் அப்பன் மா, குழின்னு பேசுவான். புரோக்கர் சென்ட்டுன்னு பேசுவான். எண்ணு மூணும் சரி, எந்த எண்ணு எந்த அளவுன்னு தெரியாம முன்பணம் கொடுத்தவன்தான் கோர்ட்டுல நிப்பான். ஸ்கேலர் விஷயமும் அதேதான். சில ஃபைல்ல எண்ணை ஏற்கனவே மீட்டருக்கு மாத்திட்டு, மைனஸ் 100ஐ அழிக்க மறந்திருப்பான். சாப்ட்வேர் கடமை தவறாம இன்னொருதரம் வகுக்கும். 25 மீட்டர் பின்னு 25 சென்டிமீட்டரா ஆயிடும். மொத்த சர்வேயும் உன் வீட்டுக் கொல்லைக்குள்ள அடங்குற மாதிரி வந்தா மகிழ்ச்சி அடையாதே.

இதுக்கு ஒரு கிழட்டுக் கணக்கு சொல்றேன். யூ.டி.எம். முறையில பூமத்திய ரேகையிலேருந்து வட துருவம் வரைக்கும் போனாலும் வடக்கு எண்ணு ஒரு கோடி மீட்டரைத் தாண்டாது. நெதர்லாந்துக்காரன் எஃப்3 பிளாக் டேட்டாவை எடுத்துக்கோ, அதுவும் வடகடல்தான், அதுவும் யாரு வேணும்னாலும் எடுத்துப் பழகலாம். அங்கே எக்சு ஆறு லட்சத்துச் சொச்சம், வை அறுபது லட்சத்துச் சொச்சம். உனக்கு வை அறுபது கோடின்னு வந்தா, நீ வானத்துல கிணறு தோண்டப் போறே. நம்ம டெல்டான்னா 44ஆவது மண்டலம், வை பன்னெண்டு லட்சத்தை ஒட்டி வரும். கோயம்புத்தூர்ப் பக்கம் போனா 43. ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற எல்லைக்கோடு 78 டிகிரியில நம்ம மாநிலத்துக்குள்ளேயே ஓடுது, அதனால ஒரு எண்ணு பிசகினா வயல் கண்காணாத எடத்துக்குப் போயிடும்.

மண்டலம் சரியா இருந்தும் சில நூறு மீட்டர் தள்ளி நிக்குதுன்னா டேட்டத்தைப் பாரு. 1802ல பரங்கிமலைகிட்ட அடிக்கோடு போட்டு லாம்டன் துரை ஆரம்பிச்ச அளவை வேலையோட வாரிசு எவரெஸ்ட் டேட்டம். பழைய நிலச் சர்வே எல்லாம் அதுல இருக்கும். புதுசு டபிள்யூ.ஜி.எஸ். 84ல இருக்கும். வடகடல்ல பழசு ஈ.டி. 50, எஃப்3யும் அதுலதான். அங்கேயும் ரெண்டுக்கும் நூறு மீட்டருக்கு மேல வித்தியாசம். நூறு மீட்டர்தானேன்னு இழுக்காதே. ஃபால்ட்டுக்கு இந்தப் பக்கம் போட வேண்டிய கிணறு அந்தப் பக்கம் போயிடும்.

ஃபைல் பாதியில நிக்குது, கடைசி லைன்ல குப்பை வருதுன்னு நேத்து சொன்னியே, அதுக்கு சாப்ட்வேரே வேணாம், போன்ல இருக்கிற கால்குலேட்டர் போதும். ட்ரேசுக்கு 1501 சாம்பிள், ஒண்ணுக்கு நாலு பைட்டு, ஆக 6004. ஹெடர் 240. ஒரு ட்ரேஸ் 6244 பைட்டு. ஃபைலோட மொத்த அளவுல 3600ஐக் கழி, மிச்சத்தை 6244ஆல வகு. முழுசா வகுபடணும். வகுபடலையா, டவுன்லோடு நடுவுல அறுந்திருக்கும், இல்லே சாம்பிள் எண்ணிக்கை பொய். மிச்சம் 3200 வந்தா, 2002 திருத்தத்துல கூடுதல் எழுத்து ஹெடர் சேர்த்துக்கலாம்னு சொன்னாங்க, எவனோ சேர்த்திருக்கான். 3505ஆவது பைட்டுல எத்தனை சேர்த்தான்னு இருக்கும். அதைக் கவனிக்காம விட்டா, ஃபைல் பூரா 3200 பைட்டு தள்ளி வாசிச்சு, சாம்பிளை ஹெடருன்னும் ஹெடரை சாம்பிள்னும் கொண்டாடிக்கிட்டு இருப்பே.

டெப்த் ஃபைலா, டைம் ஃபைலான்னு கேட்டுக்கோ. அஞ்சு மீட்டர் இடைவெளியையும் 5000ன்னுதான் எழுதுவான், அஞ்சு மில்லி செகண்டையும் 5000ன்னுதான் எழுதுவான். போலாரிட்டி எப்படின்னு நம்பத் தகுந்த மாதிரி எந்த ஹெடரும் சொல்லாது. கடல்ல எடுத்ததுன்னா கடல்தரை கறுப்பா, வெள்ளையான்னு பாரு. நிலத்துல எடுத்ததுன்னா கிணத்து லாக்கை வச்சுப் பொருத்து. டிஸ்கை மிச்சம் பிடிக்கிறேன்னு 8 பிட்டுக்கு மாத்துறியா, பேஷாச் செய். ஆனா ஆம்ப்ளிட்யூட் எல்லையைக் கண்டுபிடிக்க சாப்ட்வேர் அங்கங்கே நாலு ட்ரேசை மோந்து பார்த்துட்டு ஒரு எண்ணைச் சொல்லும். அதுக்கு மேல இருக்கிற பளபளப்பு எல்லாத்தையும் ஒரே மட்டமா வெட்டிடும். அந்த எண்ணை நீயே பார்த்துப் போடு.

எல்லாம் ஏறிடுச்சுன்னு காலை நீட்டறதுக்கு முன்னாடி, மூலை நாலையும் எடுத்து, டேட்டா கொடுத்தவன் தந்த மேப்போட ஒப்பிடு. பக்கத்துப் பக்கத்து ட்ரேஸ் ரெண்டோட எக்சு, வை வித்தியாசத்துல தூரத்தைப் போடு, பின் அளவு வரணும். எஃப்3ல இன்லைன் 100லேருந்து 750, கிராஸ்லைன் 300லேருந்து 1250. பெட்டி முழுசா நிறைஞ்சா எத்தனை ட்ரேஸ்? 650ஐ 950ஆல பெருக்கிடாதே தம்பி, வேலியடைக்கிறவனுக்குத் தெரியும், 651ஐ 951ஆல பெருக்கணும். 619101. ஃபைல்ல இருக்கிறது அதுக்கு மேல போனா, ஒரே எடத்துல ரெண்டு ட்ரேஸ் ஏறியிருக்கு. கீழே இருந்தா எங்கேயோ வெட்டுப்பட்டிருக்கு. வெட்டுப்பட்டது மேப்புல இருக்கிற ஓரமா, நடுவயலான்னு மட்டும் பாரு.

அடுத்த மாசம் நீயும் யாருக்காவது ஒரு ஃபைல் எக்ஸ்போர்ட் பண்ணித் தருவே. அன்னைக்கு அந்த நாப்பது வரியையும் காலியா விட்டு அனுப்பு, ஏன்னா உனக்கும் எவனும் எழுதி அனுப்பலை, பழிக்குப் பழி வாங்கினாத்தான் மனசு ஆறும். மனசு கேக்கலைன்னா, இன்லைன் எந்தப் பைட்டு, கிராஸ்லைன் எந்தப் பைட்டு, எக்சு வை எந்தப் பைட்டு, ஸ்கேலர் என்ன, ஃப்ளோட் எது, மண்டலம் எது, டேட்டம் எது, போலாரிட்டி எதுன்னு எட்டு வரி எழுதிடு. உன் போன் நம்பரை மட்டும் போட்டுடாதே. எட்டு வரியையும் படிக்காமலே, மத்தியானம் நீ சோத்துல கை வைக்கிற நேரமாப் பார்த்துக் கூப்பிட்டு, உங்க ஃபைல் சரியில்லைம்பான்.